அக்கா மீன் நறுக்கிய வழிப்பலகை

உங்கள் எல்லோருக்கும் அக்காவாகவே இருந்த எங்கள் மூத்த சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மழைக்காலத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வருகிற உறவினர், சபையார், சந்துக்காரர் எல்லோர் கையிலும் அச்சடித்த ஒரு சிறு நினைவு மலர் கொடுக்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். ஆசை அவனுடையது, எழுதுகிற வேலை என்னுடையது. "வீட்டுல வாயாடி நீதானே, நீயே எழுது" என்று காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இம்மாதிரி மலர்களில் கண்ணீர் வழிய எழுதுவது வழக்கம். எனக்கு அது வராது. அக்காவை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. வருகிற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன், பெரியவர்கள் மன்னிக்கவும்.

அக்கா பிறந்தது ரங்கூனில் இதே பசுந்தாங்கில், ஓடைக்கரையில் இருக்கிற இதே சந்தில். எங்கள் தகப்பனார் போட்டாதாங் துறையில் சரக்குக் கிடங்கு கிளார்க்காக இருந்தார். எனக்கு நாலு வயதாகும்போது தாயார் போய்விட்டார்கள். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. மிஷன் பள்ளிக்கூடத்தை அன்றோடு விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார். என் தலையில் பேன் பார்த்ததும் அவர்தான், தம்பியின் முதுகில் நாலு வைத்ததும் அவர்தான். அதிகாரம் கொஞ்சம் அதிகம். அதை மறைத்து எழுதினால் சந்துக்காரர்கள் இந்த மலரை நம்ப மாட்டார்கள்.

பிறகு ஒரு பாதிரியார் துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக அக்கா வேலைக்குப் போனார். பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம் அந்தத் துரைக்கு ஜப்பான் தேசத்தின் வடக்குப் பக்கம் மாற்றலாயிற்று. இரண்டு பிள்ளைகளும் ஆயா இல்லாமல் கப்பலேற மாட்டோம் என்று படியில் உட்கார்ந்துகொண்டன. துரைசாணி அம்மாள் எங்கள் வீடு தேடி வந்து கேட்டார்.

"ஜப்பானா? அங்க போய் என்னம்மா திம்பே?" என்றார் அப்பா.

"அரிசிதானேப்பா அவங்களும் திங்கிறாங்க? மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. அந்த மிச்சம் என்பது ஒரு பெரிய ஜாடி பலச்சாங். காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்தது. சேலை நாலு, ஜாடி ஒன்று, வேதப்புத்தகம் ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

கப்பல், ரயில், கடைசியில் மாட்டு வண்டி என்று அக்கா போய்ச் சேர்ந்த ஊர் ஒரு மலை மடிப்பில் இருந்தது. ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், கோடியில் துரைக்கு வாடகைக்குக் கிடைத்த பதின்மூன்றாவது வீடு. அவர்கள் போனது இலையுதிர் காலம். ஊர்க்காரர்கள் மரங்களையெல்லாம் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பலகையும் நாணலும் வைத்து ஜன்னலை மூடிக்கொண்டிருந்தார்கள். முள்ளங்கிகளை மண்ணில் வரிசையாகப் புதைத்து, மேலே வைக்கோல் மூடி, அடையாளத்துக்கு ஒரு நீளக் கம்பு நட்டார்கள். "கொள்ளைக்காரன் யாரோ வரப்போறான்னு பயந்துட்டேன் தங்கச்சி, முள்ளங்கியைக்கூட விடமாட்டான்போல இருக்கேன்னு நெனச்சேன்" என்று எனக்குக் கடுதாசி எழுதினார்.

வந்தது பனி. பனி என்றால் நாம் மார்கழியில் இன்யா ஏரிப்பக்கம் பார்க்கிற புகை அல்ல. மெத்தைக்காரர் பஞ்சு அடிக்கிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடை வானத்தில் இருக்கிறது, இரண்டு மாதம் மூடவே இல்லை. அப்படித்தான் அக்கா சொன்னார். கீழ்வீடு முழுக்க மூடிப்போய், மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பகலிலும் விளக்கு. கூரை அமுங்கிவிடாமல் இருக்க ஆண்களும் பெண்களும் மேலே ஏறி மரத்துடுப்பால் பனியைத் தள்ளுவார்கள். தள்ளியது கூரையை விட உயரமாகிவிடும்.

பக்கத்து வீட்டில் கினு என்று ஒரு பெண்மணி இருந்தார். அக்காவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனால் இரண்டு பேருமே பேசுவதை நிறுத்தவும் இல்லை. நடு வீட்டில் தரையைக் குடைந்து அமைத்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கினு அவர்கள் தம் பாஷையில் பேச, அக்கா தமிழில் பதில் சொல்வார். மேலே புகையில் முள்ளங்கிகள் கயிற்றில் தொங்கும். புகையேறின பிறகு அவற்றை ஊறுகாய் போடுவார்கள். அக்கா பலச்சாங்கை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போனார். கினு அவர்கள் நாக்கில் வைத்தார், கண் கலங்கிற்று, மூக்குச் சிந்தினார், பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அந்த ஜாடி மூன்று மாதம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தது, ஆறு வாரத்தில் காலி.

இனி பலகையைப் பற்றி. அந்த ஊரில் ஒவ்வொரு நாளும் பனி வழியை மூடிவிடும். வழி என்பது தினம் புதிதாக உண்டாக வேண்டிய ஒன்று. ஆகவே அங்கே ஒரு முறை. ஒன்றரைச் சாண் நீளப் பலகை ஒன்று உண்டு, மேலே மையால் அவர்கள் எழுத்து, தொங்கவிட ஓட்டையும் கயிறும். மாலையில் அது எந்த வீட்டுக்கு வருகிறதோ, மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் முதலில் எழுந்து, வளைத்த கொம்பில் கயிறு பின்னிய சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு, ஊர் முழுக்கப் பனியை மிதித்துப் பாலம் வரைக்கும் வழி போட வேண்டும். பாலத்துக்கு அப்பால் அடுத்த ஊர்க்காரர் போடுவார். மிதித்து முடித்தவர் மாலையில் பலகையை அடுத்த வீட்டில் கொடுப்பார். துரை வீட்டுக்கு மட்டும் பலகை வராது. அந்நியர்கள், பாவம், இவர்களுக்கு என்ன தெரியும் என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கு இப்படியொரு பலகை இருக்கிற விஷயமே தெரியாது. காலையில் வழி இருந்தது, நடந்தார், அவ்வளவுதான்.

ஒரு மாலை கினு அவர்கள் அந்தப் பலகையை இரு கையாலும் ஏந்தி வந்து, நன்றாகக் குனிந்து வணங்கி அக்காவிடம் கொடுத்தார். உங்கள் வீட்டையும் எங்களில் ஒன்றாக எண்ணிவிட்டோம் என்பது அதன் பொருள். துரை பட்டணம் போய்ப் பனியில் மாட்டிக்கொண்டிருந்தார். துரைசாணி அம்மாள் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். அக்காவோ ஒரு வாரமாகச் சமையல் பலகை பிளந்துபோய்த் திண்டாடிக்கொண்டிருந்தவர். ஆகா, இந்த மகராசி கவனித்திருக்கிறாளே என்று பூரித்துப்போனார். எழுத்தைப் பார்த்து தச்சர் கடைப் பெயர் என்று நினைத்தார். பலகையைக் கழுவினார். அதன் மேல் ஒரு மீனை வைத்து, தலை வேறு வால் வேறாக நறுக்கி, முள்ளங்கியும் அரிந்து குழம்பு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊரில் வழி இல்லை. அதுவும் எந்த நாள் தெரியுமா? மூன்றாம் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்து பாலத்துக்கு அப்பால் இருக்கிற ஊருக்கு அனுப்புகிற நாள். அந்த நல்ல நாளுக்கு வழி போடுகிற கௌரவத்தைத்தான் யோசித்து யோசித்து நம் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்! பெண் அலங்காரத்தோடு மாடி ஜன்னலில் நிற்கிறாள். பெட்டி தூக்குகிறவர்கள் நிற்கிறார்கள். வேறு யாராவது முந்திக்கொண்டு வழி போட்டால் பலகை வாங்கியவரை அவமதித்ததாகும். ஆகவே பன்னிரண்டு வீடும் ஜன்னலில் நின்று பதின்மூன்றாம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் கினு அவர்கள் இடுப்பளவு பனியில் நீந்தாக் குறையாக வந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். பலகையில் மீன் செதில். ஓரத்தில் பாதி முள்ளங்கி. பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து முடித்துப் பலகையைக் காட்டி, காலால் தரையை மிதித்துக் காட்டி, ஜன்னல் வழியாக மணப்பெண்ணையும் காட்டினார்.

"அப்ப எனக்குப் புரிஞ்சுது தங்கச்சி. பூமி பொளந்து உள்ள போயிடலாம்னா பூமியே கண்ணுல படல, எல்லாம் பனி!" என்பார் அக்கா.

கினு அவர்கள் தாமே மிதிக்கக் கிளம்பினார். அக்கா விடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார். வைக்கோல் பூட்ஸை மாட்டி, சட்டத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் அடியில் விழுந்தார். மூன்றாம் அடியில் மறுபடி விழுந்தார். நாலாம் வீடு வரும்போது பழகிவிட்டது. போகும்போது ஒரு தடம், திரும்பும்போது பக்கத்தில் இன்னொரு தடம் என்று வழியை அகலமாக்கிக்கொண்டே பாலம் வரை மிதித்தார். மணப்பெண்ணும் ஊரும் அவர் பின்னால் வரிசையாக வந்தார்கள். பசுந்தாங்கில் செருப்பில்லாமல் திரிந்த கால் போட்ட வழியில்தான் அந்தப் பெண் புருஷன் வீட்டுக்குப் போனாள். பாலத்தில் நின்று அவள் திரும்பி அக்காவை வணங்கினாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிக்க மாட்டார்.

அதற்குப் பிறகு பதின்மூன்றாம் வீட்டைப் பலகை தாண்டவே இல்லை. அதன் மேலிருந்த கத்தி வெட்டுகளை இழைத்து எடுக்கவும் ஊரார் ஒப்பவில்லை.

அங்கே அக்கா பார்த்ததெல்லாம் எழுத இந்த மலர் போதாது. பசையாக ஒட்டுகிற கௌஞின் அரிசியை அவித்து மரத்தொட்டியில் போட்டு இரண்டு பேர் மாறி மாறிக் குத்துவார்களாம். உலக்கை போட்டுப் பழகிய நம் அக்கா விடுவாரா? நடுவில் புகுந்து குத்திய வேகத்தில் எதிரே குத்திய ஆண்பிள்ளை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். புது வருஷம் பிறந்து இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பனியைக் குவித்துக் குடைந்து குட்டி வீடு கட்டி, உள்ளே விளக்கேற்றி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, சுடச்சுட இனிப்புக் கஞ்சி கொடுப்பார்களாம். அக்கா தவழ்ந்து உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியைவிடக் கதகதப்பாக இருந்ததாம். "பனிக்குள்ள உக்காந்து வேர்த்துச்சு" என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

குளிர்காலம் முழுவதும் பெண்கள் தறியில் நெய்த நார்த்துணிகளை, வெயில் வரத் தொடங்கியதும் பனியின் மேல் விரித்து வெளுக்க வைப்பார்கள். கினு அவர்கள் அக்காவின் பழுப்பேறிய வெள்ளைச் சேலையையும் பிடுங்கிக்கொண்டு போய் விரித்தார். பத்து நாள் கழித்து அதற்கு வந்த வெண்மையைப் பசுந்தாங் சலவைக்காரர் பார்த்துவிட்டு, "எந்தச் சவுக்காரம்மா இது?" என்று இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வயலில் சாம்பலைத் தூவி மிச்சப் பனியைக் கரைப்பார்கள். முதல் மண் தெரிந்த இடத்தில் ஊரே போய் நின்று பார்க்குமாம். மண்ணைப் பார்க்கவா கூட்டம் கூடுவார்கள் என்று நான் கேட்டேன். "ஆறு மாசம் பாக்காம இருந்து பாரு, நீ மண்ணைத் தின்னுடுவே" என்றார்.

இரண்டாம் குளிர்காலத்தில் கினு அவர்களின் மாமனார் காலமானார். அன்று பலகை அந்த வீட்டில்தான் இருந்தது. மாலையில் ஒருவர் சத்தமில்லாமல் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். துக்க வீடு வழி மிதிக்கக் கூடாது. மற்ற வீட்டார் எல்லோரும் சேர்ந்து, அந்த வாசலிலிருந்து இடுகாடு வரைக்கும், நாலு பேர் தூக்கிப் போகிற அகலத்துக்கு மிதித்தார்கள். அக்காவும் மிதித்தார். வருஷம் திரும்பும் வரை அந்த வீட்டுக்குப் பலகை வராது என்றும் அப்போது தெரிந்துகொண்டார்.

துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது அக்காவும் ரங்கூனுக்குப் புறப்பட்டார். ஊரார் தங்களுக்குப் புதுப் பலகை செய்துகொண்டு, கத்தி வெட்டு விழுந்த பழையதை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். கினு அவர்கள் பாலம் வரை வந்தார். இருவரும் அன்றும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் பேசிக்கொண்டே போனார்களாம்.

அக்கா வந்து இறங்கியது நல்ல மழைக்காலம். நம் சந்தின் அழகு உங்களுக்குத் தெரியும். மழையும் ஓடையின் ஏற்றமும் சேர்ந்தால் முழங்கால் தண்ணீர். அவரவர் வாசலுக்கு மட்டும் செங்கல் அடுக்கிப் பலகை போட்டுக்கொண்டு, மாலையில் உள்ளே இழுத்துக்கொள்வோம். அடுத்த வாசலுக்கு நடுவில் இறங்கி நனைய வேண்டியதுதான். அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "பதினாலு வீடு இருக்கு, பலகையும் இருக்கு, வழி மட்டும் இல்லையே!" என்றார். தினம் ஒரு வீடு எல்லாப் பலகைகளையும் வாங்கிப் பெரிய தெரு வரை சேர்த்துப் போட வேண்டும், மாலையில் தாம் கொண்டுவந்த வழிப்பலகையை அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சந்து முனையில் மீன்குழம்பு ஊற்றிய மொகிங்காச் சேவை விற்கிற பர்மாக்காரம்மா டோ மியா முதலில் ஒப்புக்கொண்டார், நனைந்த காலோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதால்.

இடறியது ஒரே இடம்தான். எங்களுக்கு அடுத்த வீடு அரிசி ஆலை மிஸ்திரி மாமாவுடையது. எங்கள் கூரைத் தண்ணீர் அவர் சமையற்கட்டில் விழுகிறது என்று அப்பாவும் அவரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா காலமான பிறகும் அந்தச் சண்டை எங்களுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது. பலகை எங்களிடமிருந்து அவருக்குத்தான் போக வேண்டும். அவர் வாங்காவிட்டால் சந்து முழுக்க நின்றுவிடும். அக்கா மனசு முழுக்க அந்த ஒரு வாசலில்தான் இருந்தது.

"அவர் வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் குடுத்துடுங்கக்கா, எதுக்கு வம்பு?" என்றேன் நான்.

"என்னைத் தாண்டிப் போயிருந்தா நான் அந்த ஊர்ல கடைசி வரைக்கும் வேத்தாளாவே இருந்திருப்பேன்டி. யாரையும் தாண்டக் கூடாது" என்றார்.

முதல் நாள் அக்காவே வழி போட்டார். மாலையில் பலகையை இரு கையாலும் ஏந்திப் போய், கினு அவர்கள் குனிந்த மாதிரியே குனிந்து மாமாவிடம் கொடுத்தார். மாமா திகைத்துப்போய் வாங்கிவிட்டார். மறுநாள் வழி இல்லை. அக்கா தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. சந்து முழுக்கத் தண்ணீரில் இறங்கி, மாமா வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே நடந்து போனது. டோ மியா மட்டும் நின்று, "மிஸ்திரி, காலு வலியா?" என்று உரக்கக் கேட்டார். மூன்றாம் நாள் காலை தடதடவென்று சத்தம். மாமா முணுமுணுத்துக்கொண்டே பலகை போட்டுக்கொண்டிருந்தார். மிஸ்திரி அல்லவா, ஒரு பலகைகூட ஆடவில்லை.

ஆனால் பேச்சு மட்டும் இல்லை. முறை சுற்றி மறுபடி எங்களுக்கு வந்து நாங்கள் வழி போடும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று ஒரு இருமல் இருமுவார். போட்ட வழி சரியில்லை என்றால் இரண்டு இருமல். ஆறு மழைக்காலம் எங்கள் இரு வீட்டுக்கும் அந்த இருமல்தான் பாஷை. "பாஷை இல்லாம நான் ரெண்டு வருஷம் குடும்பமே நடத்தியிருக்கேன், இது போதும்" என்று அக்கா சிரிப்பார்.

சென்ற மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சல். நாற்பத்திரண்டு வயது. ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். அன்று வழிப்பலகை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அடக்கம். வெளியே விடாத மழை, முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று தம்பி கேட்டபோதுதான் எனக்கு முறை எங்களுடையது என்று நினைவு வந்தது. எழுந்து பார்த்தால் ஆணியில் பலகை இல்லை.

காலையில் கதவைத் திறந்தேன். எங்கள் வாசலிலிருந்து பெரிய தெரு வரைக்கும் வழி போட்டிருந்தது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலமாக, நாலு பேர் தூக்கிப் போகிற அகலத்துக்கு. பதினாலு வீட்டுப் பலகையும் போதாமல் சிலர் கட்டில் பலகையைக் கழற்றியிருந்தார்கள். கடைசிச் செங்கலைத் திருத்திக்கொண்டு மிஸ்திரி மாமா தண்ணீரில் நின்றார். இருமினார். பிறகு ஒன்பது வருஷத்துக்குப் பின் முதல் முறையாக என்னிடம் பேசினார்: "இன்னிக்கு உங்க வீட்டு முறை இல்லேம்மா. அக்கா சொல்லியிருக்கா." பனியில் வெளுத்த அந்தச் சேலையில் அக்கா ஒரு துளி நனையாமல் போனார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த வழி போட்ட பதின்மூன்று வீட்டாருக்கும், மருந்தோடு வந்து காத்திருந்த வைத்தியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய டோ மியாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜப்பானில் இருக்கிற கினு அவர்களுக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இது.

இந்த ஓராண்டாகப் பலகை எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தாண்டிப் போவது இப்படி இதமாகவும் இருக்கும் என்று அக்காவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் இருமல் கேட்டது. "ஜெபத்துக்கு மொத நாள் சாயங்காலம் பலகை உனக்கு வரும். சந்துல எல்லாரும் பேசி முறையை மாத்தி வச்சிருக்கோம். காலைல நீதான் போடணும். ஆடாம போடு" என்றார் மாமா.

ஆகவே, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களே, இன்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்த வழி நான் போட்டது. எங்காவது பலகை ஆடியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போகும்போது பார்த்துப் போங்கள், மாமா இதற்குள் இரண்டு முறை இருமியிருப்பார்.